பென்ஷன் அவருக்கு, ஓய்வு யாருக்கு?

ஒருவர் ஓய்வு பெறுகிறார். அன்று மாலை அலுவலகத்தில் பாராட்டுக் கூட்டம். மாலை போடுகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள். மேலதிகாரி எழுந்து பேசுகிறார். "36 ஆண்டுகள் உழைத்தவர். இனி இவர் ஓய்வாக இருக்க வேண்டும்" என்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். மோதிரமோ, கைக்கடிகாரமோ பரிசாகக் கொடுக்கிறார்கள். பிறகு காரில் கொண்டு வந்து வீட்டில் விடுகிறார்கள்.

வாசலில் மனைவி ஆரத்தித் தட்டுடன் நிற்கிறாள். உள்ளே 20 பேருக்கு டிபன் தயாராக இருக்கிறது. செய்தது யார்? அவள்தான்.

மறுநாள் பொழுது விடிகிறது. அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்து என்ன செய்வது? போவதற்கு அலுவலகம் இல்லையே! ஆனால் அவள் வழக்கம்போல் 5 மணிக்கே எழுந்து விட்டாள். வாசல் தெளிக்க வேண்டும். கோலம் போட வேண்டும். பால் வந்து விட்டது. அதைக் காய்ச்ச வேண்டும்.

அவருக்கு ஓய்வு கிடைத்து விட்டது. பென்ஷனும் உண்டு. சரி. அந்த அம்மாளுக்கு ஓய்வு எப்போது? எந்த ஆண்டு? எந்தத் தேதி?

எந்தப் பாராட்டுக் கூட்டத்திலும் இதை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

ஒரு கணக்கு

2019-ஆம் ஆண்டு மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதுதான் கணக்கு.

ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 100-க்கு 81 பேர் சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் 100-க்கு 26 பேர்தான் செய்கிறார்கள். அப்படி வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்காகச் செலவிடும் நேரம் 299 நிமிடம். ஆண் செலவிடுவது 97 நிமிடம்.

299 நிமிடம் என்றால் ஏறக்குறைய 5 மணி நேரம். இதற்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டா? கிடையாது. தீபாவளி, பொங்கல் வந்தால் வேலை இரட்டிப்பாகும்!

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்கள் முன்பு 58 வயதில் ஓய்வு பெற்றார்கள். 2020-இல் அதை 59 ஆக்கினார்கள். 2021-இல் 60 ஆக்கினார்கள். அது சரியா, தவறா என்று டீக்கடை தோறும் விவாதம் நடந்தது. அடுப்படியில் ஓய்வு வயது என்ன என்று எங்கும் விவாதம் நடக்கவில்லை.

சில வீடுகளில் மனைவியும் உத்தியோகம் பார்த்தவராக இருப்பார். அவருக்கும் பென்ஷன் வரும். ஆனால் அவர் விட்டது ஒரு வேலையைத்தான். மற்றொரு வேலை அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணவன் ஓய்வு பெற்றதும் மனைவிக்கு வேலை குறைவதில்லை, கூடுகிறது. முன்பு அவர் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனால் மாலையில்தான் வருவார். இப்போது நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறார். 11 மணிக்கு ஒரு காபி. மதியம் சுடச்சுடச் சாப்பாடு. 4 மணிக்கு மறுபடியும் காபி. பேச வரும் நண்பர்களுக்கும் காபி!

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். ஓய்வு பெற்ற தம்பதிகள் சேர்ந்து ஊர் ஊராகப் போய் வர வேண்டும். "இந்த வயதில் இதெல்லாம் ஆடம்பரம்" என்று சொல்லாதீர்கள். வீட்டைப் பூட்டினால்தான் அந்த அம்மாளுக்கு ஓய்வு. எப்படி என்று கேட்கிறீர்களா? எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

டாக்டர் சொன்ன ஓய்வு

தஞ்சாவூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து 2022-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். மகன் பெங்களூரில். மகள் திருமணமாகித் திருச்சியில். வீட்டில் இவரும் இவர் மனைவியும்தான்.

ஓய்வு பெற்ற மூன்று மாதம் பெரியவர் திண்ணை நாற்காலியை விட்டு நகரவில்லை. பத்திரிகை, டெலிவிஷன், தூக்கம். இப்படியே போயிற்று.

ஒரு நாள் அந்த அம்மாளுக்கு முழங்காலில் கடுமையான வலி. டாக்டரிடம் போனார்கள். அவர் பரிசோதித்துப் பார்த்து மாத்திரை எழுதினார். "இரண்டு வாரம் ஓய்வு எடுக்க வேண்டும்" என்றார்.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அது எந்தக் கடையில் கிடைக்கும் டாக்டர்?"

டாக்டரும் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியைப் படுக்கச் சொன்னார். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சமையல் அறைக்குள் போனார். ஐந்து நிமிடம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது: "சர்க்கரை எங்கே இருக்கு?" அந்த அம்மாள் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் குரல்: "டிக்காஷன் இறங்கவே மாட்டேங்குதே?" மறுபடியும் எழுந்து போனார். மூன்றாவது தடவை அவர் படுக்கவே இல்லை. அடுப்புப் பக்கம் நின்றுவிட்டார்.

"இந்த வீட்டுக்குள் இருக்கிறவரை அவளுக்கு ஓய்வு கிடையாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது" என்று பெரியவர் பிறகு என்னிடம் சொன்னார்.

முதல் பயணம்: இரண்டு கிலோமீட்டர்

முழங்கால் வலி குறைந்ததும் அவர்கள் போன முதல் ஊர் எது தெரியுமா? காசி இல்லை. ராமேசுவரம் இல்லை. உள்ளூர்ப் பெரிய கோவில்தான்! வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

"தஞ்சாவூரில் வாழ்க்கைப்பட்டு 33 வருஷம் ஆகிறது. பெரிய கோவிலை நான் நிதானமாகப் பார்த்ததே இல்லை" என்று அந்த அம்மாள் சொன்னார். பிரதோஷத்துக்குப் போவார். இடுப்பில் குழந்தை இருக்கும். சாமி கும்பிட்டதும் ஓட்டமாக ஓடி வருவார். இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடுமே!

நகரப் பஸ்ஸில் போனார்கள். சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போகும் திட்டம் 2021-ஆம் ஆண்டு மே மாதம் வந்தது. "சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான். எனக்கு டிக்கெட். உனக்கு இலவசமா?" என்று பெரியவர் கேலி செய்தார். "33 வருஷ உழைப்புக்கு இதுவாவது கிடைத்ததே" என்றார் அந்த அம்மாள்.

மாலை முழுவதும் கோவிலில் இருந்தார்கள். ராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டு கட்டி முடித்த கோவில் அது. 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தைப் புல்தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒரே கல்லில் செய்த நந்தியைச் சுற்றி வந்தார்கள்.

சுவரில் உள்ள கல்வெட்டுகளைப் பற்றிப் பெரியவர் மனைவிக்குச் சொன்னார். கோவிலுக்கு அரசன் கொடுத்ததை மட்டும் அங்கே வெட்டவில்லை. அவனுடைய அக்காள் குந்தவை கொடுத்ததையும், அவன் மனைவிமார் கொடுத்ததையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் கொடுத்ததற்குக் கணக்கு வைத்தவன் அவன். நம் வீடுகளில் அப்படிக் கணக்கு வைக்கிறோமா?

இருட்டியதும் வெளியே வந்து ஓர் ஓட்டலில் தோசை சாப்பிட்டார்கள். தட்டு வந்தது. அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டார். "தோசையைச் சுடச்சுடச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று!" என்றார்.

வாசகர்களே, இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் சுடச்சுடத் தோசை வார்த்துப் போடுகிறவள் அவள். அவள் சாப்பிட உட்காரும்போது தோசை ஆறிப் போயிருக்கும். 33 ஆண்டுகள் இதைப் பெரியவர் கவனிக்கவில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் கவனித்தது உண்டா?

பக்கத்து ஊர்கள்

அதன் பிறகு மாதம் ஒரு நாள் கிளம்பினார்கள். காலையில் போய் இரவில் திரும்புகிற ஊர்கள்தான்.

கும்பகோணம் அருகே தாராசுரம் போனார்கள். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோவில். அங்கே மண்டபமே ஒரு தேர்போல் இருக்கும். கல்லில் சக்கரம், கல்லில் குதிரை! கல்லணைக்குப் போனார்கள். காவிரித் தண்ணீர் பிரிந்து போவதைப் பார்த்துக்கொண்டே அரை நாள் உட்கார்ந்திருந்தார்கள்.

தரங்கம்பாடிக்குப் போனார்கள். டென்மார்க் நாட்டார் 1620-இல் கட்டிய கோட்டை கடற்கரையில் இன்றும் நிற்கிறது. 1706-இல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். பெரியவர் இதையெல்லாம் விளக்கிச் சொன்னார். ஆனால் அந்த அம்மாளுக்குப் பிடித்தது கடல்தான். "அலையைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் என்னைக் கூப்பிடவில்லை" என்றார்.

இந்தப் பயணங்களுக்கு என்ன செலவு? பஸ் கட்டணம், இரண்டு சாப்பாடு, இரண்டு டிபன். பென்ஷன் பணத்தில் மாதம் 2,000 ரூபாயைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வந்தார் பெரியவர். அதிலேயே மிச்சம் விழுந்தது.

ஒரு தவறு

எல்லாப் பயணமும் நல்லபடி நடந்ததா? இல்லை. 2023-இல் ஒரு தவறு செய்தார்கள்.

வேனில் சுற்றுலா அழைத்துப் போகும் ஒருவரிடம் பணம் கட்டினார்கள். மூன்று நாளில் 11 ஊர். மதுரை, ராமேசுவரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று வரிசையாக ஊர்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுப்பினார்கள். ஓர் ஊருக்கு ஒரு மணி நேரம். இறங்கு, ஓடு, கும்பிடு, ஏறு!

வெளியில் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஆகாது என்று அந்த அம்மாள் இரண்டு நாள் முன்பே முறுக்கும் தட்டையும் சுட்டார். கிளம்புகிற அன்று புளியோதரை கட்டினார். சிறிய அடுப்பு ஒன்றும் பையில் ஏறியது. தங்கிய இடத்தில் எல்லோரும் தூங்கியபோது அவர் கணவரின் வேட்டியைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

ராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் அவசரம் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். ஈரம் காய்வதற்குள் வேன் கிளம்பிவிட்டது. வீடு வந்ததும் ஒரு வாரம் காய்ச்சல்.

"11 ஊர் பார்த்தீர்களே, எப்படி இருந்தது?" என்று நான் கேட்டேன். "வேனின் முன் கண்ணாடியைத்தான் நன்றாகப் பார்த்தேன்" என்றார் அந்த அம்மாள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அடுப்படியைப் பையில் கட்டிக்கொண்டு போனால் அது பயணம் ஆகாது. வீட்டு வேலையை வெளியூருக்கு மாற்றியதுதான் மிச்சம். வயதானவர்களுக்கு ஊர்களின் எண்ணிக்கை முக்கியம் அல்ல. ஓர் ஊர், இரண்டு இரவு. அது போதும்.

2025-இல் அவர்கள் மறுபடியும் ராமேசுவரம் போனார்கள். இந்தத் தடவை ரெயில். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது அல்லவா? அதன் மேல் போனார்கள். கப்பலுக்கு வழிவிடுவதற்காக நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே மேலே எழும்பும் பாலம் அது. இரண்டு பக்கமும் கடல். மூன்று நாள் தங்கினார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குப் போய், இடிந்து நிற்கும் மாதா கோவில் சுவரைப் பார்த்தார்கள்.

அடுப்பு? வீட்டிலேயே இருந்தது!

மெதுவாகப் போகிற ரெயில்

முதியவர்களுக்கு ஏற்ற பயணம் எது என்று என்னைக் கேட்டால் ஊட்டி மலை ரெயிலைச் சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். இதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது! 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். செங்குத்தான இடத்தில் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் இந்த ரெயில் வந்தது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

"பஸ்ஸில் சீக்கிரம் போய்விடலாமே?" என்பார்கள் பிள்ளைகள். சீக்கிரம் போய் என்ன செய்வது? அங்கே கையெழுத்துப் போட வருகைப் பதிவேடு இருக்கிறதா?

பெரியவரும் அந்த அம்மாளும் அந்த ரெயிலில் எதிர் எதிராக உட்கார்ந்து போனார்கள். 5 மணி நேரமும் பேசிக்கொண்டே போனார்களாம். "கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதே கிடையாது" என்று பெரியவர் சொன்னார். என்ன பேசினார்கள்? நான் கேட்கவில்லை.

காசியில் விட்டது

நம்மில் சில குடும்பங்களில் திருமணத்தின்போது காசி யாத்திரை என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளை குடையும் விசிறியுமாகக் காசிக்குக் கிளம்புவார். பெண்ணின் தகப்பனார் ஓடி வந்து, "என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள்" என்று அழைத்து வருவார். அன்றைக்குத் தடைப்பட்ட பயணத்தை 60 வயதில் இரண்டு பேரும் சேர்ந்து போனால் எவ்வளவு பொருத்தம்!

பெரியவர் தம்பதி ரெயிலில் காசிக்குப் போனார்கள். அவருக்கு 60 வயது கடந்து விட்டது. அந்த அம்மாளுக்கு 45-க்கு மேல். இந்த வயது வரம்பு உள்ளவர்களுக்குக் கீழ்ப் படுக்கையில் தனி ஒதுக்கீடு உண்டு. முன்கூட்டியே பதிவு செய்ததால் இரண்டு பேருக்கும் கீழ்ப் படுக்கை கிடைத்தது.

காசிக்குப் போனால் தனக்குப் பிரியமான எதையாவது அங்கே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். சாதாரணமாக ஒரு காயையும் ஒரு பழத்தையும் விடுவார்கள். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அதைச் சாப்பிட மாட்டார்கள். அதிலும் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். பிடிக்காத காயாகப் பார்த்து விட்டுவிட்டு வருவார்கள்!

அந்த அம்மாள் கொய்யாப் பழத்தை விட்டார். பெரியவர் என்ன விட்டார்?

"உட்கார்ந்த இடத்திலிருந்து காபி கேட்பதை விட்டுவிட்டேன்" என்றார்.

நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் வீட்டில் காலைக் காபி இப்போது அவர் கையால்தான். சர்க்கரை எங்கே என்று கேட்பதில்லை. டிக்காஷனும் இறங்குகிறது. அந்த அம்மாள் 6 மணிக்குத்தான் எழுந்திருக்கிறார். வெளியூரில் கிடைத்த ஓய்வில் கொஞ்சம் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

கடல் கடந்து

தொலைவான நாடுகளுக்குப் போக லட்சாதிபதியாக இருக்க வேண்டுமா? கொச்சியில் தேநீர்க் கடை நடத்திய விஜயன்-மோகனா தம்பதியைப் பாருங்கள். அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. கடை வருமானத்தில் நாளைக்கு 300 ரூபாய் எடுத்து வைத்தார்கள். போதாத பணத்துக்குக் கடன் வாங்கினார்கள். பயணம் முடிந்து வந்து, டீ ஆற்றியே கடனை அடைத்தார்கள். பிறகு அடுத்த பயணம். இப்படி 25 நாடுகளுக்கு மேல் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் ரஷியா போய் வந்தார்கள். அடுத்த மாதம் விஜயன் காலமானார். எல்லோரும் கடன் வாங்கிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டதைத் தள்ளிப்போடாமல் செய்தார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் தெருத் தம்பதியும் மலேசியாவுக்குப் போய் வந்தார்கள். பத்துமலை முருகன் கோவிலுக்குப் போனார்கள். அடிவாரத்தில் 140 அடி உயரத்தில் பொன் நிறத்தில் முருகன் சிலை. குகைக் கோவிலுக்குப் போக 272 படிகள்.

அந்த அம்மாள் படிகளைப் பார்த்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். "நீங்கள் போய்விட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். பெரியவர் போகவில்லை. இரண்டு பேரும் கீழேயே உட்கார்ந்து முருகனைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் அவள் ஏறியிருப்பாள். வருஷா வருஷம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொன்னது நான்தான்" என்று சொல்லும்போது பெரியவருக்குக் குரல் கம்மியது. பணம் அப்புறமும் வரும். முழங்கால் அப்புறம் வராது.

இது பயணம் அல்ல

ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

"எங்கள் அம்மாவை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனேன்" என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எதற்கு அழைத்தார்கள்? மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம். ஆறு மாதம் அங்கே இருந்தார் அம்மா. பத்தியச் சாப்பாடு சமைத்தார். குழந்தையைக் குளிப்பாட்டினார். பனி பெய்வதைச் சமையல் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

பேரப்பிள்ளையைக் கொஞ்சுவது இன்பம்தான். எந்தப் பாட்டியும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். ஆனால் அதை அம்மாவின் சுற்றுலாக் கணக்கில் எழுதாதீர்கள். அது உங்களுக்கு அவள் செய்த உதவி. அந்த ஆறு மாதத்தில் 10 நாளாவது அவளை அடுப்பிலிருந்து விடுவித்து, அப்பாவுடன் நாலு இடம் அனுப்பி வையுங்கள்.

"தனியாகப் போகாதீர்கள், ஏதாவது ஆகிவிடும்" என்று தடுக்கிற பிள்ளைகளும் உண்டு. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்தால் ஒன்றும் ஆகாதா? மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பையில் வைத்துக்கொள்ளட்டும். டாக்டர் சீட்டின் நகலையும் உங்கள் டெலிபோன் எண்ணையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். இரவில் பஸ் ஏறாமல், பகலில் போகட்டும். இதைச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.

சர்க்காருக்கு இரண்டு வார்த்தை

ரெயில்களில் முதியவர்களுக்குக் கட்டணச் சலுகை இருந்தது. 60 வயதான ஆண்களுக்கு 100-க்கு 40 குறைவு. 58 வயதான பெண்களுக்கு 100-க்கு 50 குறைவு. 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில், அதை நிறுத்தினார்கள். பென்ஷன் இல்லாத எத்தனையோ தம்பதிகள் அந்தச் சலுகையை நம்பித்தான் ராமேசுவரமும் திருப்பதியும் போய் வந்தார்கள். பெண்ணுக்கு ஆணைவிடக் கூடுதலாகக் கொடுத்த சலுகை அது. அப்படி ஒரு சலுகை முதியவர்களுக்கு அவசியம் வேண்டும்.

இரண்டாவது, கழிப்பறை. வெளியூர் கிளம்பினால் நம் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். கோவிலைச் சுற்றி விளக்குப் போடுகிறோம். நல்லது. வயதானவர்கள் போக, கைப்பிடி வைத்த சுத்தமான கழிப்பறையும், உட்கார நாலு பெஞ்சும் எல்லா ஊரிலும் வேண்டும். கோபுரத்தைப் பார்க்க வந்த அம்மாள் கழிப்பறையைத் தேடி அலையக் கூடாது.

இரண்டு டிக்கெட்

கணவன்மார்களே, ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும்போதே மனைவியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ எந்த ஊர் பார்க்க ஆசைப்பட்டாய்?" முதலில் "எனக்கென்ன ஆசை?" என்றுதான் சொல்வார். விடாதீர்கள். இரண்டாம் தடவை கேளுங்கள். மூன்றாம் தடவை ஊர்ப் பெயர் வரும்.

பிள்ளைகளே, அப்பா ஓய்வு பெறும்போது அவருக்கு மோதிரம் வாங்கிப் போடாதீர்கள். அவர் கையில் இரண்டு டிக்கெட் வாங்கிக் கொடுங்கள். இரண்டு டிக்கெட்!

எங்கள் தெருத் தம்பதி அடுத்த மாதம் கன்னியாகுமரிக்குப் போகிறார்கள். வேனில் போனபோது ஒரு மணி நேரம் பார்த்த ஊர். இந்தத் தடவை நாலு நாள். கடல் நடுவே விவேகானந்தர் பாறையிலிருந்து 133 அடி திருவள்ளுவர் சிலைக்கு நடந்தே போக, கண்ணாடித் தளம் போட்ட பாலம் 2024 டிசம்பரில் திறந்தார்கள். அதில் நடக்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு ஆசை. முழங்காலுக்கு இப்போதே எண்ணெய் தேய்த்து வருகிறார்.

வீட்டுச் சாவி வழக்கம்போல் எங்கள் வீட்டுக்கு வரும். நேற்று அந்த அம்மாள் வந்து என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்: "பால்காரர் வந்தால் சொல்லிவிடும்மா. நாலு நாளைக்கு எங்களுக்குப் பால் வேண்டாம்."